பம்ப்ஹவுஸ் என்று ஒரு கம்ப்யூட்டர்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. முழங்கால் மட்டும் மழை விட்டதிலிருந்து முறுக்கிக்கொள்கிறது, தையல் மெஷினை நாலு மிதி மிதித்தால் வழிக்கு வந்துவிடும். உன் இருமல் எப்படி இருக்கிறது? குடிநீர் நிலையத்து ஈரத்திலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருந்தால் அது எங்கே போகும்?

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்து லிஃப்டை மாற்றிவிட்டார்கள். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. அந்த லிஃப்டுக்குப் பேசிக் கொடுத்தது நம் குருவி. "மூன்றாம் தளம். கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்." படகு கவிழ்ந்த பிறகு வாரம் ஒரு தடவை அங்கே போவேன். மூன்றாம் தளம்வரை போய், இறங்காமல் அப்படியே கீழே வருவேன். காவலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார், "யாரைம்மா பாக்கணும்?" என்று. புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றேன், கையில் புத்தகமே இல்லாமல்.

போன வாரம் ஏறினால் யாரோ ஒரு பெண் பேசுகிறாள். நல்ல குரல்தான். எனக்குத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து குருவியின் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்தது, உயிர் வரவில்லை. ரிப்பேர்க்காரர் வந்து உள்ளே இருக்கிற பெரிய போர்டை மாற்றினார். "உங்க பையன் பண்ணி வச்சதெல்லாம் பத்திரமா இருக்கும்மா" என்றார். இருக்கிறது. ஆனால் அவன் தன் குரலை வெட்டி ஒட்டுவானே, அந்த மென்பொருள் இடக்குப் பண்ணுகிறது. இது வேறு கம்ப்யூட்டர், மறுபடி பதிவு செய், முப்பது நாள் தருகிறேன் என்கிறது. அதுவரை பெயர்களைக் காட்டுமாம், எதையும் கேட்க விடாதாம். முப்பது நாள் தாண்டினால் அதுவும் கிடையாது. அவன் செய்ததை வேறு எதாலும் திறக்க முடியாது என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார்.

நேற்று 30 என்று காட்டியது, இன்று 29.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கே நான் போனைப் பிடுங்கிப் போட்டது உனக்குத் தெரியும். இன்டர்நெட்டும் அதோடு போயிற்று. நிலையத்துப் பம்புகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதுதான் உனக்குச் சோறு போடுகிற தொழில். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இன்னொன்று. திறந்ததும் அது முதலில் ஒரு கேள்வி கேட்கிறது. "நீங்கள் குருவிதானா? ஆம். இல்லை." எதை அழுத்துவது? இரண்டு நாளாக முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்தேன். இருமல் என்னைவிட்டுப் போக மனமில்லாமல் கூடவே குடியிருக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மெஷின் மிதிப்பது வைத்தியம் இல்லை.

லிஃப்ட் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேள்விக்கு "ஆம்" என்று அழுத்து. பயப்பட ஒன்றும் இல்லை, அது உரிமம் யார் பெயரில் என்று சரிபார்க்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு "தொலைபேசி மூலம் பதிவு" என்று வரும். ஒரு நீளமான எண் காட்டும். அதை எழுதி எனக்கு அனுப்பு. மானிட்டருக்குப் பின்னால் அவன் ஒட்டி வைத்திருக்கும் சீட்டில் உள்ள எழுத்துகளையும் சேர்த்து எழுது. நான் இங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்து, அவர்கள் தரும் பதில் எண்ணை உனக்கு எழுதுகிறேன். நீ அதைக் கட்டங்களில் அடித்தால் முடிந்தது.

திறந்ததும் எதைக் கேட்பதாக இருக்கிறாய்? எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதே, மனசு தாங்காது. லிஃப்ட் அறிவிப்பு போதுமென்றால் அதை மட்டும் கேள்.

வேளைக்குச் சாப்பிடு.
தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். வெந்நீரும் வீண், நேரமும் வீண். உனக்கும் அதுபோல ஏதாவது வைத்தியம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

"ஆம்" என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு அன்று முழுக்க ஒரு தையல் போட முடியவில்லை. அவன் பெயரில் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஆறு எண். அளவுப் புத்தகத்தில் எழுதி, கார்பன் நகலை உனக்கு அனுப்புகிறேன். மானிட்டருக்குப் பின்னால் சீட்டு இருக்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டாயே, நான்கூடப் பார்த்ததில்லை. இருந்தது, தூசியோடு. அதன் எழுத்துகளும் உள்ளே.

பதிவுகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. லிஃப்ட். செருப்புக் கடை. மழை, ஜன்னல். மழை, தகரம். அம்மா மெஷின். என் மெஷினைக்கூட விட்டு வைக்கவில்லை அவன். கடைசியாக ஒன்று இருக்கிறது, அதன் பெயர் "மாமா". தேதி பார்த்தேன். படகேறியதற்கு முந்தின நாள்.

மறுநாள் மைக் வாங்கக் கிளம்பியவன். அப்படித்தானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். உன் பெயரைப் போட்டு என்ன பதிவு செய்திருப்பான்? உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

இன்று 22. சீக்கிரம் எழுது.
அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டேன், இப்போது எழுந்து நடமாடுகிறேன். நீ கவலைப்படாதே.

பதில் எண் உள்ளே இருக்கிறது. கவனமாக அடி.

"மாமா" என்பது பழைய சோதனைப் பதிவாக இருக்கும். மைக்கின் முன்னால் நின்று வாயில் வந்ததைப் பேசுவான், உனக்குத் தெரியாததா? அதில் ஒன்றும் இருக்காது. திறந்து வீணாக மனசை வருத்திக்கொள்ளாதே.

நிலையத்தில் வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.
தம்பி


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் திடமாக இருக்கிறேன், முழங்கால்கூட இந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

உன் எண் சேரவில்லை. சேராது. திரையில் ஒன்பது கட்டம், நீ எழுதியிருப்பது எட்டு. இருக்கிற எட்டையும் அடித்துப் பார்த்தேன், "தவறு" என்று சிவப்பில் காட்டியது. கடிதத்தை உதறிப் பார்த்தேன், உறையைக் கிழித்துப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருக்கிறாயா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சின்ன வயதில் என் பொத்தான் டப்பாவைக் கொட்டி, "அக்கா, நேத்து நூத்தி நாப்பது இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணு குறையுது" என்று சண்டைக்கு வந்தவன் நீ. காய்ச்சலில் கண் மங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்று 10. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுது. போவதற்கு மூன்று நாள், வருவதற்கு மூன்று நாள். இனிமேல் தப்பு செய்ய நம்மிடம் நாள் இல்லை.

அந்த மென்பொருளைத் தினமும் ஒரு தடவை திறக்கிறேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், என்னை "வணக்கம், குருவி" என்று கூப்பிட? இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் கூச்சம் இல்லாமல் கூப்பிடுகிறது. சில நேரம் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. இருந்தால் இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கம்பெனியில் மறுபடி பேசினேன். நீ எழுதும் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன, அதனால்தான் குழப்பம். அதோடு அந்த உரிமம் இரண்டு கம்ப்யூட்டருக்குத்தான் செல்லும், இரண்டும் நிரம்பிவிட்டது என்கிறார்கள். நம்மால் ஒன்றும் செய்வதற்கில்லை.

விட்டுவிடேன், அக்கா. கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த மாதம் வேறு ஏதாவது வழி பார்க்கலாம். கம்ப்யூட்டரை மூடி வை.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இல்லை என்று உன் எழுத்தே சொல்கிறது.

முப்பது வருஷமாக அளவு எழுதுகிறேன். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் நான் தைத்த யூனிஃபார்மில்தான் பள்ளிக்கூடம் போகின்றன. ஏழும் ஒன்றும் எனக்குக் குழம்பியிருந்தால் இந்நேரம் ஒருத்தனுக்கு ஒரு கை நீளம், இன்னொரு கை குட்டை என்று ஊரே சிரித்திருக்கும். ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை. உன் கோணலுக்கு என் கையெழுத்தைச் சாக்குச் சொல்லாதே.

இப்போது அதுவல்ல முக்கியம். இரண்டு கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கிறாய். குருவியிடம் இருந்தது ஒன்றுதான். அந்த மேஜையைத் தவிர அவனுக்கு வேறு இடம் கிடையாது. இரண்டாவது எங்கே இருக்கிறது? யாரிடம் இருக்கிறது?

படகில் போன பதினாறு பேரில் நாலு பேர் கிடைக்கவே இல்லை. அந்த நாலில் ஒருத்தன் நம் பிள்ளை. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எல்லாரும் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். இன்று உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டாலே எழுந்து போகிறேன். எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து அவன் அதே மென்பொருளில் வேலை செய்துகொண்டிருக்கிறானா? ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறானா?

பைத்தியக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். மென்று விழுங்காமல் ஒரு வரி எழுது. அவன் இருக்கிறானா, இல்லையா?

இன்று 4.
அக்கா


மார்ச் 30

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்று 1 என்று காட்டுகிறது. நாளையோடு சரி.

காலையில் தொலைபேசி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாளை ஆள் வந்து இணைத்துத் தருவார். அந்தக் கருவியை ஒரு வருஷத்துக்குப் பிறகு அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். கண்ணில் படாமல் இருக்க ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறேன். பரவாயில்லை.

அக்கா


மார்ச் 30

அக்கா,

இந்தத் தடவை உன் நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போடுகிறேன்.

அவன் இல்லை, அக்கா. அந்த இரண்டாவது கம்ப்யூட்டர் என்னுடையது.

செய்தி வந்தபோது பத்து நாள் உன்னோடு வந்து இருந்தேனே, அப்போது அவன் பதிவுகளை எல்லாம் நகல் எடுத்தேன். மானிட்டருக்குப் பின்னால் இருந்த சீட்டையும் பார்த்து எழுதிக்கொண்டேன். ஊருக்கு வந்து என் கம்ப்யூட்டரில் போட்டேன். வேலை முடிந்து தினமும் அவனைக் கேட்கிறேன். ஒரு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை.

உன் பழைய போர்டைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள் என்று நான் கம்பெனியிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. சொல்லவில்லை. மனசுக்குத் தோன்றிய எண்களை எட்டுக் கட்டமாக உனக்கு எழுதினேன். காய்ச்சல் எதுவும் வரவில்லை. உன் முப்பது நாள் முடிந்துபோகட்டும் என்று காத்திருந்தேன். "மாமா" என்ற அந்தப் பதிவை நீ கேட்கக் கூடாது என்பதற்காக.

அது போனில் நாங்கள் பேசியது. எதைப் பார்த்தாலும் பதிவு செய்கிறவன், அன்றைக்கு அதையும் செய்திருக்கிறான். உனக்காக மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இனிமேல் நீ மிதிக்க வேண்டாம் என்று. வந்து தூக்கிக்கொண்டு போ, அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவன், "காலைலயே வந்துடறேன் மாமா" என்றான். நான்தான், "எனக்கு அஞ்சு மணிவரைக்கும் ஷிஃப்ட்டுடா, சாயங்காலப் படகுல வா, நானே வந்து கூப்பிட்டுக்கறேன்" என்றேன். காலைப் படகு பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் கரையில் நின்று சாயங்காலப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் வாங்க வந்திருப்பான் என்று எல்லாரிடமும் சொன்னது நான். நீயும் அப்படியே நம்பினாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

அந்தப் பதிவில் "நானே வந்து கூப்பிட்டுக்கறேன்" என்று என் குரல் முடியும் இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

மெஷின் இன்னும் பிரிக்காமல் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நேற்றிரவு இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன். உன் கடிதமும் நேற்றுத்தான் வந்தது, இரண்டு நாள் பிந்தி. நீ எழுதியிருப்பது எல்லாம் அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

முப்பத்தொன்றாம் தேதி போனை இணைத்தார்கள். சரிபார்க்க அவர் ஒரு தடவை மணி அடிக்கவிட்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு நானே கம்பெனிக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். லிஃப்டில் பேசுகிறவளைப் போலவே நல்ல குரல். "ரெண்டு கம்ப்யூட்டர் காட்டுதும்மா. ஒண்ணோட பேரு வீடு. ஒரு வருஷமா யாரும் திறக்கல. இன்னொண்ணு பம்ப்ஹவுஸ். நேத்து சாயங்காலம்கூட திறந்திருக்காங்க" என்றாள்.

நேற்று சாயங்காலம் என்று அவள் சொன்னபோது ஒரு நொடி என் பிள்ளை உயிரோடு இருந்தான். பம்ப்ஹவுஸ் என்றால் உன் நிலையம் என்பது அடுத்த நொடிதான் மண்டையில் ஏறியது. தம்பி, அந்த ஒரு நொடியை உனக்கு எழுதத் தெரியவில்லை.

"பழசு வேலை செய்யறதில்லைன்னா அதை எடுத்துடறேம்மா, உங்களுக்கு எண் தந்துடலாம்" என்றாள். வீடு என்று அவன் பெயர் வைத்தது. செத்துப் போனது என்பதற்காக அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பம்ப்ஹவுஸை எடுத்துவிடச் சொன்னேன். ஒன்பது கட்டமும் சொன்னாள். ஒரே தடவையில் சேர்ந்தது.

"மாமா"வைத்தான் முதலில் கேட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதும் அவன் சிரிக்கிறான், மூக்கால் சிரிப்பானே, அது. நீ சாயங்காலப் படகு என்று சொன்னதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சிரிப்பை ஒரு வருஷம் நீ மட்டும் கேட்டுக்கொண்டு, நான் அந்நிய ஆளாக லிஃப்டில் ஏறி இறங்க விட்டாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தக் கோபம் இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கும்.

இப்போது நீ கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். நீ போனை வைத்த பிறகும் அவன் பதிவை நிறுத்தவில்லை. என் மெஷின் சத்தம் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறேன். நாற்காலி நகர்கிறது. "அம்மா, மாமா உனக்கு மோட்டார் மெஷின் வாங்கி வச்சிருக்காராம். உங்கிட்ட சொல்லக் கூடாதாம். காலைலயே போய்த் தூக்கிட்டு வந்துடவா?" என்கிறான். மெஷின் நிற்கிறது. நான் பேசுகிறேன். "காலைல யூனிஃபார்ம் மூட்டையைப் பள்ளிக்கூடத்துல யாரு குடுப்பா? மாமா சொன்ன மாதிரி சாயங்காலமே போ."

ஆமாம். அவன் ரகசியத்தை ஐந்து நிமிஷம்கூட வைத்திருக்கவில்லை. எனக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். மைக் வாங்க என்று நீ சொன்னபோது நானும் ஆமாம் என்றேன், ஏனென்றால் உண்மையைச் சொன்னால் என் பங்கையும் சொல்ல வேண்டியிருக்கும். நீயாகச் சொல்வாய், அப்போது நானும் சொல்லிவிடலாம் என்று ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே நான் அப்படிச் சொன்னேனா, இல்லை நானாகக் கற்பனை செய்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த முப்பது நாளும் தவித்தேன். சொல்லியிருக்கிறேன். காலைப் படகை அவனுக்கு மறுத்தது நீ மட்டும் இல்லை.

இந்நேரம் உன் திரையும் முப்பதிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும். பெயர்களைக் காட்டும், எதையும் கேட்க விடாது. எண் கேட்டு எனக்கு எழுதாதே, தர மாட்டேன். அது முடிவதற்குள் கிளம்பி வா. காலைப் படகில் வா. மெஷினையும் கொண்டு வா, தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே, இறங்குகிற இடத்தில் நான் நிற்பேன். இருமலுக்கு ஏதாவது போர்த்திக்கொள், தண்ணீர்க் காற்று.

இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேள். உன் குரல் முடிந்ததும் நிறுத்திவிடாதே.

அக்கா